சதுப்புக்குள் நாற்பதாயிரம் ஆண்டுகள்: நீலகிரியின் பீட் மண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் சாண்டிநல்லா என்று ஓர் இடம் வரும். புல் போர்த்திய குன்றுகள், இடுக்குகளில் சோலை, குன்றுகளுக்கு நடுவே கால் வைத்தால் நீர் கசியும் பள்ளம். பஸ்ஸில் போகிறவர்கள் குன்றுகளைப் படம் எடுப்பார்கள், பள்ளத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த மலையில் முன்பு என்ன வளர்ந்தது, எவ்வளவு மழை பெய்தது என்பதற்கான சாட்சி அந்தப் பள்ளத்துக் கறுப்பு மண்ணில்தான் இருக்கிறது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பீட் என்றால் என்ன? வயல் சேறும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை. வயல் சேற்றில் பெரும்பகுதி களிமண்ணும் வண்டலும். பீட்டில் பெரும்பகுதி தாவரம். செத்த புல், கோரை, பாசி, வேர், இலை எல்லாம் நீருக்குள் அமிழ்ந்து, முழுவதும் மட்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இறுகியது அது. தமிழில் இதை முற்றா நிலக்கரி என்பார்கள். நிலக்கரி ஆவதற்கான பாதையில் முதல் படியில் நிற்கும் பொருள் என்பதால் வந்த பெயர். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இதை வெட்டி உலர்த்தி அடுப்பெரித்திருக்கிறார்கள். பேச்சில் பீட் என்ற சொல்லே நின்றுவிட்டதால் நானும் அதையே பயன்படுத்துகிறேன்.

மட்காமல் போவதற்குக் காரணம் நீர். தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைவு. இலையைத் தின்று மண்ணாக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அங்கே வேகமாக வேலை செய்ய முடியாது. குளிரும் சேர்ந்தால் வேலை இன்னும் மந்தமாகும். ஒவ்வோர் ஆண்டும் மட்குவதைவிடச் சற்று அதிகமாகப் படிந்தால் போதும், அந்த மிச்சம்தான் பீட்.

வெப்ப நாடான இந்தியாவில் பீட் எப்படி வந்தது?

உயரத்தால் வந்தது. நீலகிரியின் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதன் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். மழை உண்டு, குளிர் உண்டு, வட்டமான குன்றுகளுக்கு இடையே நீர் வடியாமல் நிற்கும் பள்ளங்களும் உண்டு. வேறென்ன வேண்டும்?

ஆனால் வட ஐரோப்பாவின் பீட்டோடு இதை அப்படியே ஒப்பிடக் கூடாது. அங்கே ஸ்பாக்னம் என்ற பாசி தனியாகவே பல மீட்டர் உயரத்துக்கு மெத்தை கட்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்வது அங்கே வழக்கம். நீலகிரியில் புல்லும் கோரையுமே முதன்மை. படிவு மிக மெல்லியது. ஒரு சென்டிமீட்டருக்குள் ஒரு நூற்றாண்டோ அதற்கு மேலோ அடங்கியிருக்கலாம். கட்டைவிரல் நகத்தின் அகலத்தில் சோழர் காலம் முதல் விஜயநகரக் காலம் வரை அடங்கிவிடும். அதனால்தான் இந்த மண்ணில் யாராவது மண்வெட்டியை ஓங்கினால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அடுக்கு கலையாமல் மண்ணை எப்படி வெளியே எடுக்கிறார்கள்?

பள்ளத்தின் ஓரத்தில் வெட்டிய குழியோ ஓடை அரித்த கரையோ இருந்தால் அதன் சுவரைச் சுத்தமாகச் சீவி, மேலிருந்து கீழாக அளவு குறித்து, சிறு சிறு துண்டுகளாக எடுக்கலாம். ஈரமான ஆழமான சதுப்பில் கைத்துளைக்கருவி வேண்டும். ரஷ்யத் துளைக்கருவி என்று ஒன்று பரவலாகப் பயன்படுகிறது. முனையில் அரை உருளை வடிவில் ஓர் அறை, அதற்கு ஒரு தகட்டுக் கதவு. மூடிய நிலையில் வேண்டிய ஆழம் வரை அழுத்தி, அங்கே அரைச் சுற்று திருப்பினால் அறை மண்ணை வெட்டி உள்ளே அடைத்துக்கொண்டு மூடிக்கொள்ளும். பிறகு இழுக்க வேண்டும். இழுப்பதுதான் கடினம். சதுப்பு விடாது, இரண்டு பேர் தொங்கினாலும் அசையாமல் நிற்கும், பிறகு ஒரு பெருமூச்சோடு விட்டுக்கொடுக்கும்.

முதன்முறை அந்தக் கதவு திறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உள்ளே அரை மீட்டர் நீளத்துக்கு வழுவழுப்பான ஓர் அரை உருளை. மேல்பகுதியில் வேர்கள் நார்நாராகத் தெரிந்தன. நடுவில் வெந்த கருப்பட்டியின் நிறம். அடியில் சாம்பல் பூத்த களிமண். அழுகிய முட்டையின் வாடை மெல்ல வந்தது. காற்றுப் பட்டதும் பழுப்பாக இருந்த இடங்கள் கண்ணெதிரே கறுத்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றையே காணாத பொருள் அது. உடனே பிளாஸ்டிக் தாளில் சுற்றி, எது மேல், எது கீழ் என்று அம்புக்குறி போட்டு, குளிர்ச்சியில் வைக்க வேண்டும். அந்த அம்புக்குறியை மறந்தால் வரலாறே தலைகீழாகிவிடும்.

மகரந்தத்தூள் அவ்வளவு காலம் அழியாமல் இருக்குமா?

இருக்கும். மகரந்தத்தின் உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் விரைவில் போய்விடும். வெளி ஓடு மட்டும் நிற்கும். அது ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. உயிர்கள் உண்டாக்கும் பொருட்களிலேயே மிக உறுதியானவற்றுள் ஒன்று.

எவ்வளவு உறுதி என்பது ஆய்வகத்தில் தெரியும். ஒரு கன சென்டிமீட்டர் மண்ணை எடுத்துக் காரத்தில் கொதிக்கவைப்பார்கள், சல்லடையில் வடிகட்டுவார்கள், மணல் துகள்களைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் போடுவார்கள் (கண்ணாடியையே கரைக்கும் அமிலம், தோலில் பட்டால் எலும்பு வரை போகும், தகுந்த பாதுகாப்பில்லாமல் யாரும் தொடக் கூடாது), பிறகு அசிட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் சூடாக்குவார்கள். இத்தனைக்கும் பிறகு குழாயின் அடியில் ஒரு சிட்டிகை வண்டல் மிஞ்சும். மகரந்த ஓடுகள் அதில்தான் இருக்கும், முள்ளும் துளையும் வரியும் சிதையாமல்.

அதைப் பார்த்து எந்தச் செடி என்று சொல்லிவிட முடியுமா?

பல நேரங்களில் குடும்பம் வரை, சில நேரங்களில் பேரினம் வரை. நானூறு மடங்கு பெருக்கிக் காட்டும் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் தெரியும். புல்லின் மகரந்தம் உருண்டை, ஒரே ஒரு துளை, துளையைச் சுற்றி ஒரு வளையம், பொத்தான் போல. காட்டுப்பூவரசு என்று மலையில் சொல்லும் சிவப்புப் பூ மரத்தின் மகரந்தம் நான்கு நான்காகக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரும். வாட்டில் எனப்படும் சீகை மரத்தினுடையது பதினாறு சேர்ந்த ஒரு கொத்து, ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். நாவல் குடும்பத்துக்கு முக்கோண முகம். இங்கேதான் கவனம் வேண்டும். சோலையின் நாவல் மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரமும், அதாவது யூகலிப்டஸும், ஒரே குடும்பம், இரண்டுக்கும் முக்கோணம்தான். அளவையும் ஓட்டின் தடிப்பையும் பார்த்தே பிரிக்க வேண்டும்.

இதற்கு ஒப்பிட்டுப் பார்க்கும் தொகுப்பு கட்டாயம் தேவை. பெயர் தெரிந்த செடியிலிருந்து மகரந்தம் எடுத்துச் செய்த கண்ணாடி வில்லைகள் அவை. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் வெப்பமண்டலத் தாவரங்களுக்கான மிகப் பெரிய தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் கணபதி தணிகைமோனி. 1986 செப்டம்பரில் கராச்சியில் பான் ஆம் விமானம் கடத்தப்பட்டபோது கொல்லப்பட்ட பயணிகளில் அவரும் ஒருவர். அவர் பெயரைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான வில்லைகளைப் பொறுமையாகச் சேர்த்துவைத்த அந்த உழைப்பு இல்லாமல் தென்னிந்தியப் பீட்டில் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியாது.

ஒரு மரத்தின் மகரந்தம் அதிகம் கிடைத்தால் அந்த மரம் அதிகம் இருந்தது என்று அர்த்தமா?

நேரடியாக அப்படி இல்லை. காற்றை நம்பும் புல்லும் பைன் மரமும் மகரந்தத்தை வாரி இறைக்கும். தேனீயை நம்பும் செடி சிக்கனக்காரி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையையே நீலமாக்கும் குறிஞ்சி தேனீயை நம்பும் இனம். குன்று முழுக்கப் பூத்தாலும் சதுப்பில் விழும் பங்கு சிறியதாகவே இருக்கும். சோலை மரங்களில் பலவும் அப்படித்தான். ஆகவே ஒரு மாதிரியில் முந்நூறு முதல் ஐந்நூறு துகள்களை எண்ணி விகிதம் போட்ட பிறகு, இன்றைய புல்வெளியிலும் சோலைக்குள்ளும் சோலை விளிம்பிலும் மேல்மண்ணில் விழும் மகரந்தம் எப்படி இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இன்றைய சோலைக்குள்ளேயே மரத்தின் பங்கு ஓரளவுதான் என்றால், பழைய அடுக்கில் அதே ஓரளவைப் பார்த்து மரம் குறைவு என்று முடிவுகட்டக் கூடாது.

எல்லாப் புல்லுக்கும் ஒரே முகம் என்றால், எந்தப் புல் என்று எப்படித் தெரியும்?

மகரந்தம் சொல்லாததைக் கார்பன் சொல்லும். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒளிச்சேர்க்கையில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. மரங்கள், புதர்கள், நெல், கோதுமை, குளிர்ந்த ஈர இடத்துப் புற்கள் ஒரு வழி. இதை சி-3 என்பார்கள். கரும்பு, மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு, வறண்ட இடத்துப் புற்கள் பல இன்னொரு வழி. அது சி-4. காற்றிலுள்ள கார்பனில் பெரும்பகுதி 12 எடை கொண்டது, நூறில் ஏறத்தாழ ஒன்று 13 எடை கொண்டது. சி-3 தாவரம் கனமான கார்பனைப் பெரிதும் ஒதுக்கும். சி-4 அவ்வளவாக ஒதுக்காது. விளைவாக, கனமான கார்பன் ஒரு பொதுத் தரத்தைவிட எவ்வளவு குறைவு என்று காட்டும் அளவுகோலில் முதல் வகை ஆயிரத்துக்கு மைனஸ் 27 அருகிலும், இரண்டாவது வகை மைனஸ் 13 அருகிலும் நிற்கும். செடி செத்து மண்ணானாலும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. ஒரு பிடி கறுப்பு மண்ணை எரித்து அந்த வாயுவை, எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலை அளவியில் செலுத்தினால், அது கம்பங்காட்டு மண்ணா, நெல்வயல் மண்ணா என்று சொல்வது போல, அந்தக் காலத்தில் எந்த வகைத் தாவரம் ஓங்கியிருந்தது என்று சொல்லிவிடலாம்.

சி-4 புல் வறட்சியைத் தாங்கும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருக்கும்போதும் அதற்குத்தான் ஆதாயம். பனியுகத்தின் உச்சத்தில் காற்றில் பத்து லட்சத்துக்கு 180 முதல் 190 பங்குதான் அந்த வாயு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் 280, இன்று 420க்கு மேல். எனவே சி-4 கூடியிருப்பதற்கு வறட்சியும் காரணமாகலாம், வாயுக் குறைவும் காரணமாகலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இதை மறந்து மழையை மட்டும் பேசுவது தவறு. அதேபோல சி-3 என்றால் உடனே காடு என்றும் சொல்லிவிடக் கூடாது. உயர்மலையில் சி-3 புற்களும் கோரைகளும் உண்டு. மகரந்தத்தையும் கார்பனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

வயதை எப்படிக் கணிக்கிறார்கள்?

கதிரியக்கக் கார்பன் முறையில். வில்லார்டு லிபி 1940களின் இறுதியில் உருவாக்கி, 1960இல் நோபல் பரிசு பெற்ற முறை. செடி காற்றிலிருந்து எடுக்கும் கார்பனில் கதிரியக்கமுள்ள கார்பன் 14 துளியளவு உண்டு. செடி செத்தபின் அது ஒவ்வொரு 5,730 ஆண்டுகளுக்கும் பாதியாகக் குறையும். நாற்பதாயிரம் ஆண்டில் ஏழு முறை பாதியாகி, 128இல் ஒரு பங்கே மிஞ்சும். அந்தத் துளியை அளப்பதால் சிறு கலப்படமும் பெரிய பிழையாகும். அத்தனை பழைய மண்ணில் நேற்றைய புல்லின் வேர் நூற்றில் ஒரு பங்கு கலந்துவிட்டால் கணக்கு ஆறேழாயிரம் ஆண்டு இளமையாகக் காட்டும். அதனால் மேலிருந்து இறங்கிய வேர்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார்கள். ஆய்வகத்தில் மணிக்கணக்காகச் செய்யப்படும், யாரும் பாராட்டாத வேலை இது.

ஒரு கட்டுரையில் 9,000 ஆண்டு, இன்னொன்றில் 10,000 ஆண்டு. எது சரி?

பெரும்பாலும் இரண்டும். பழைய கட்டுரைகள் திருத்தாத கார்பன் ஆண்டுகளைத் தருகின்றன. காற்றில் கார்பன் 14 எக்காலத்திலும் ஒரே அளவில் இருக்கவில்லை என்பதால், மர வளையங்களையும் வேறு பதிவுகளையும் கொண்டு நாட்காட்டி ஆண்டாக மாற்றுகிறார்கள். கார்பன் கணக்கில் 9,000 என்பது நாட்காட்டிக் கணக்கில் பத்தாயிரத்தைத் தாண்டும். பனியுக உச்சத்துக்குச் சொல்லப்படும் 18,000 என்பது இருபத்தோராயிரத்துக்கு மேல் போகும். இன்னொன்று: முன் என்று சொல்லும்போது 1950ஐத் தொடக்கமாக வைத்து எண்ணுவது இந்தத் துறையின் வழக்கம். கீழே நான் தரும் எண்கள் பழைய கட்டுரைகளின் கார்பன் ஆண்டுகள்.

சரி, நீலகிரி மண் சொன்ன கதை என்ன?

யானை ஆராய்ச்சியால் அறியப்பட்ட ராமன் சுகுமாரும், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோரும் சேர்ந்து 1993இல் நேச்சர் இதழில் நீலகிரி பீட்டின் கார்பன் பதிவை வெளியிட்டார்கள். இருபதாயிரம் ஆண்டுப் பதிவு அது. 1997இல் அதே குழுவினர் பதிவை நாற்பதாயிரம் ஆண்டு வரை நீட்டினார்கள். ஓரிரு மீட்டர் மண்ணில் இவ்வளவு காலம்.

பனியுக உச்சத்தில், சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன், கார்பன் அளவு சி-4 பக்கம் வெகுவாகச் சாய்ந்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மெலிந்த காலம். வறண்ட, குளிர்ந்த மேட்டுநிலத்தில் புல் ஆட்சி செய்தது, மரங்கள் ஈரம் எஞ்சிய மடிப்புகளில் ஒதுங்கின. பனியுகம் விலகியதும் பருவமழை வலுத்தது. 9,000 ஆண்டு வாக்கில் ஈரம் உச்சத்தைத் தொட்டு, அளவுகோல் சி-3 பக்கம் போனது. பிறகு மீண்டும் இறக்கம். சுமார் 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன் வரை ஒரு வறண்ட காலம். கடைசியாக, சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் குறுகிய ஓர் ஈரக் காலம். இதை ஐரோப்பாவில் அறியப்பட்ட இடைக்கால வெப்பக் காலத்தோடு ஆய்வாளர்கள் இணைத்துப் பார்த்தார்கள்.

சாண்டிநல்லாவில் மகரந்தம் எண்ணிய பிரெஞ்சு ஆய்வாளர்களும் பனியுக உச்சத்தில் புல்லின் ஓங்கலையே கண்டார்கள். ஆனால் மேட்டுநிலம் முழுவதும் ஒரே தாளத்தில் மாறவில்லை. மழை கொட்டும் மேற்கு விளிம்பும் மழை மறைவில் கிடக்கும் கிழக்குப் பகுதியும் வெவ்வேறு வேகத்தில் மாறியிருக்கின்றன. இன்றும் அவலாஞ்சியில் குடை பிடித்துக்கொண்டு நிற்கும்போது கோத்தகிரியில் வெயில் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

அப்படியானால் நீலகிரிப் புல்வெளி, காட்டை அழித்ததால் வந்தது என்பது?

முழு மலைக்கும் பொருந்தும் விளக்கமாக அது நிற்காது. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

வாதம் பழையது. 1938இல் வன அதிகாரி சி.ஆர். ரங்கநாதன், புல்வெளி இயற்கையானது, உறைபனிதான் மரக்கன்றுகளைத் திறந்த வெளியில் வளரவிடாமல் தடுக்கிறது என்று எழுதினார். அதே ஆண்டு தாவரவியலாளர் என்.எல். போர், தீயும் மேய்ச்சலும் காட்டைத் தின்றதன் மிச்சமே புல்வெளி என்றார். இருவரிடமும் நேரில் கண்ட அனுபவம் இருந்தது. மண்ணுக்குள் காலத்தைப் பார்க்கும் கருவி இருவரிடமும் இல்லை.

பீட் அந்தக் குறையைத் தீர்த்தது. தென்னிந்தியாவில் கால்நடை வளர்ப்பு தொடங்கிச் சுமார் ஐந்தாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. நீலகிரிப் புல்லோ பனியுக உச்சத்திலேயே மலையை ஆண்டிருக்கிறது. எருமை மந்தைக்கும் கோடரிக்கும் பல்லாயிரம் ஆண்டு மூத்தது அது. காடு நகர்ந்திருக்கிறது, விரிந்திருக்கிறது, சுருங்கியிருக்கிறது. எந்த அடுக்கிலும் புல் இல்லாமல் போகவில்லை.

ரங்கநாதன் சொன்ன உறைபனியை டிசம்பர், ஜனவரியில் நேரில் பார்க்கலாம். தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கும். விடியலில் பள்ளத்துப் புல் உப்புத் தூவினது போல வெளுத்திருக்கும், பத்தடி தள்ளிச் சோலைக்குள் இலை நுனியில் நீர்த்துளி உறையாமல் தொங்கும். மரக்கூரை வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. வெளியே முளைத்த சோலைக்கன்று அந்த இரவைத் தாண்டுவது கடினம்.

இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. ஆங்கிலேயர் பதிவேடுகள் புல்வெளியைத் தரிசு என்று எழுதின. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. காலி நிலம்தானே என்று தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும், காகிதக் கூழுக்காகக் கற்பூர மரமும் பல்லாயிரம் ஏக்கரில் நட்டார்கள். வரையாட்டின் மேய்ச்சல் போயிற்று, ஓடைகளின் ஊற்று மெலிந்தது. மரம் நடுவது எப்போதும் நன்மை என்று நம்பும் நல்ல உள்ளங்கள் இன்றும் நீலகிரிப் புல்வெளியில் கன்றோடு வந்து நிற்கின்றன. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இருபதாயிரம் ஆண்டாக இங்கே இருப்பதைத் தரிசு என்று சொல்லாதீர்கள்.

மனிதனின் கைக்கு அப்போது பங்கே இல்லையா?

உண்டு, பின்னால் வந்த அடுக்குகளில். அதையும் சதுப்பு நேர்மையாகப் பதிவு செய்கிறது. தீ மூட்டினால் கரித்துகள் காற்றில் வந்து விழும், அதை எண்ணலாம். மந்தை மேய்ந்தால் சாணத்தில் மட்டும் வளரும் பூஞ்சைகளின் வித்துகள் மண்ணில் சேரும். வெளிநாட்டு மரங்கள் இன்னும் உதவியானவை. கற்பூர மரம் நீலகிரிக்கு வந்தது 1840களில். ஆகவே அதன் மகரந்தம் தென்படும் அடுக்கு அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. வேர்த்துளை வழியே மேலிருந்து இறங்கியிருந்தால் மட்டுமே விதிவிலக்கு. கார்பன் 14 தடுமாறும் கடைசி இரு நூற்றாண்டுகளில், மலையைக் கெடுத்த மரமே மண்ணின் காலக்குறியாக நிற்கிறது.

தோடர்களைப் பற்றியும் ஒரு சொல். அவர்கள் தங்கள் கோயிலின் கூரையை வேய்வது சதுப்பில் வளரும் ஒரு புல்லால். நீலகிரிக்கே உரிய இனம் அது. சதுப்பு வற்றிய இடங்களில் அந்தப் புல்லும் அரிதாகிவிட்டது. சதுப்பைக் காலி நிலமாக எண்ணாமல் பெயர் சொல்லி அறிந்து வாழ்ந்தவர்கள் அவர்கள்.

இந்த ஆய்வுமுறை எங்கே தொடங்கியது?

ஸ்வீடனில். லென்னார்ட் ஃபோன் போஸ்ட் என்ற நிலவியலாளர் 1916இல், இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியாவில் நடந்த கூட்டத்தில், பீட்டின் மகரந்தத்தை எண்ணி அடுக்கு வாரியாக வரைந்த படங்களைக் காட்டினார். அன்றிலிருந்து வட ஐரோப்பாவின் காட்டு வரலாறு முழுவதும் இப்படித்தான் எழுதப்பட்டது. அங்கே சதுப்பு இன்னும் பலவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது. ஐஸ்லாந்தின் ஹெக்லா எரிமலைச் சாம்பல் ஸ்காட்லாந்துப் பீட்டில் மெல்லிய இழையாகக் கிடைக்கிறது. ரோமானியர் ஈயம் உருக்கிய புகை சுவிட்சர்லாந்துப் பீட்டில் படிந்திருக்கிறது. டென்மார்க்கில் 1950இல் பீட் வெட்டியவர்கள் கண்டெடுத்த டோலண்ட் மனிதர், இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் ஆகியும், முகச்சுருக்கம்கூடக் கலையாமல் இருந்தார். வயிற்றில் வாற்கோதுமைக் கஞ்சி. ஸ்பாக்னம் பாசி உண்டாக்கும் அமிலச் சூழல் தோலைப் பதனிட்டுவிடுகிறது. புல்லும் கோரையும் ஆன பீட்டிலிருந்து அத்தகைய உடலை எதிர்பார்க்க முடியாது.

நமக்கு அருகில், இலங்கையின் மத்திய மலைநாட்டில் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளியிலும் இருபதாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பீட் பதிவு உண்டு. அங்கும் பனியுக உச்சம் வறண்டதாகவே பதிவாகியிருக்கிறது. ஒரே பருவமழைக்குக் கட்டுப்பட்ட இரண்டு மலைகள்.

பீட் காய்ந்துவிட்டால் என்ன ஆகும்?

காற்று உள்ளே போகும், பூஞ்சையும் பாக்டீரியாவும் விழித்துக்கொள்ளும், ஆயிரம் ஆண்டு நின்றிருந்த மட்கல் சில பத்தாண்டுகளில் நடந்து முடியும். இங்கிலாந்தின் ஹோம் ஃபென் என்ற சதுப்பை வடித்தபோது, 1851இல் ஓர் இரும்புத் தூணைத் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி நட்டார்கள். இன்று அந்தத் தூண் தரைக்கு மேல் சுமார் நான்கு மீட்டர் நிற்கிறது. தூண் வளரவில்லை, மண் காணாமல் போயிற்று. போன மண் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் இருக்கிறது. உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்று விழுக்காடே பீட் நிலம். உலகக் காடுகளின் மரங்கள் அனைத்திலும் உள்ளதைவிட அதிகக் கார்பன் அதில் இருக்கிறது.

நீலகிரியில் உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் பள்ளங்களில் வடிகால் வெட்டும்போது இதே வேலைதான் சிறிய அளவில் நடக்கிறது. மேல் அரை மீட்டரை உழுதால் பல ஆயிரம் ஆண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு எந்த ஆய்வகத்தாலும் பிரிக்க முடியாது.

எங்கள் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பு மண்ணும் மரத்துண்டும் வந்தன. என்ன செய்யலாம்?

முதலில் காயவிடாதீர்கள். கழுவவும் வேண்டாம். எத்தனை அடி ஆழத்தில் வந்தது என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள், குழிச் சுவரை அளவுகோலோடு படம் எடுங்கள். கைப்பிடி அளவு மண்ணைச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் காற்று புகாமல் கட்டி, இடம், ஆழம், தேதியைப் பையின் மேல் எழுதி, குளிர்ப்பெட்டியில் வையுங்கள். மரத்துண்டைத் தனிப் பையில் ஈரத்தோடு வையுங்கள், ஒரு நல்ல மரத்துண்டு வயதுக் கணிப்புக்கு மண்ணைவிட நம்பகமானது. பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் அல்லது தாவரவியல் துறையில் காட்டுங்கள். லக்னோவிலுள்ள பீர்பால் சகானி நிறுவனமும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் இத்தகைய மண்ணை வாசிக்கத் தெரிந்த இடங்கள். குழியை மூடுவதாக இருந்தால், ஒரு பக்கச் சுவரையாவது தொடாமல் விட்டு மூடுங்கள்.